நீரில் நனைந்த சாட்சிகள்

1969 ஆகஸ்ட் 21 அன்று மஸ்ஜிதுல் அக்ஸாவில் மூண்ட தீ, நூருத்தீன் ஸங்கியின் ஆணையால் அலெப்போவில் உருவாகி, 1187இல் பைத்துல் முகத்தஸை மீட்ட ஸலாஹுத்தீன் அய்யூபி கொண்டுவந்து நிறுவிய மர மிம்பரைக் கரியாக்கியது. அதே வடிவில் ஜோர்டானில் செய்யப்பட்ட புதிய மிம்பர் 2007இல் அங்கு வைக்கப்பட்டது. எரிந்ததன் வடிவை மீட்டறியப் பழைய நிழற்படங்கள் பெருந்துணையாயின. ஒரு படம் அழிந்தால் எது அழிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஜெருசலத்தில் வாழ்ந்த 'அமெரிக்கக் காலனி' என்னும் கிறித்தவச் சமூகத்தார் 1898 முதல் எடுத்த படங்கள் ஃபலஸ்தீன வரலாற்றின் பெருங்கருவூலம். பின்னர் அவற்றுக்கு உரிமையாளரான எரிக் மேட்சன் 1946இல் அமெரிக்கா சென்றார். 1966இல் பெரும்பகுதி அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தை அடைந்தது. ஜெருசலத்து நிலவறையொன்றில் எஞ்சிக் கிடந்தவற்றுள் பல, நீரால் சிதைந்த நிலையில் பின்னரே அங்கு சேர்ந்தன.

இத்தகைய கண்ணாடித் தகடுகளிலும் ஸ்லைடுகளிலும் படம் கண்ணாடியில் இல்லை. அதன்மீது பூசிய ஜெலட்டின் படலத்திலுள்ள வெள்ளித் துகள்களில் இருக்கிறது. ஜெலட்டின் ஈரத்தில் உப்பும், பூஞ்சைக்கு உணவாகும். பூஞ்சை அரித்த ஜெலட்டின் நீரில் எளிதில் கரையும். ஆதலால் ஈரத்துணியால் துடைப்பவர் அழுக்கோடு படத்தையும் துடைத்துவிடுவார்; கையால் தீட்டிய வண்ணமும் கரைந்துபோகும். ஈரப்பதம் குறைந்த இடத்தில் மெல்ல உலர்த்தி, காய்ந்த பூஞ்சையை மென்தூரிகையால் நீக்கி, படலமில்லாத கண்ணாடிப் புறத்தை மட்டும் துடைப்பதே முறை. மூடுகண்ணாடி உடைந்திருப்பின் புதியதிட்டு, ஓரங்களைத் தாள்நாடாவால் மீண்டும் கட்டலாம். உரிந்த படலத்தைத் தொடுவது வல்லுநர்க்கே உரியது.

எஞ்சிய கறையைக் கணினியில் நீக்க இன்று இயலும். ஆனால் அந்தத் திருத்தம் நகலில் நிகழ வேண்டும். திருத்தாத நகலும் உடனிருக்க வேண்டும். இந்த நெறி நமக்குப் புதிதன்று. மூலப்பிரதியில் பிழை கண்டால் அதை அழிக்காமல் குறியிட்டு, சரியானதை ஓரத்தில் எழுதுவதே நன்று என ஹதீஸ் கலை அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு 1245) வலியுறுத்தினார். கறை நீங்கிய இடத்தில் இல்லாத சுவரொன்றை வரைந்து சேர்த்தால் படம் அழகாகலாம், சாட்சியம் பொய்யாகிவிடும். ஊர்களும் தெருக்களும் உருமாறிப்போன ஒரு மண்ணுக்கு, அழகிய படத்தைவிடக் கறைபடிந்த உண்மையே பெருஞ்செல்வம்.