இருமுறை சிறை மீண்டவர்கள்

எகிப்து நாட்டின் மணலில் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் புதைந்து கிடந்த பாப்பிரசு ஏடுகள் சில, 1893-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. அவை கி.பி. 250-இல் எழுதப்பட்ட சான்றிதழ்கள். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், அதிகாரிகளின் முன்னிலையில் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலிப்பொருளையும் சுவைத்தார் என்று அவை அறிவிக்கின்றன. அடியில் சாட்சிகளின் கையொப்பம் காணப்படுகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் இதுவரை கிடைத்துள்ளன. உரோமைப் பேரரசன் டெசியுஸ் இட்ட ஆணையின் எச்சங்கள் இவை. பேரரசின் மக்கள் அனைவரையும் தழுவிய அந்த ஆணை, கிறிஸ்தவர்களைத்தான் நெஞ்சில் தாக்கியது. 250 சனவரி 20-ஆம் நாள் திருத்தந்தை பபியான் மறைசாட்சியாக உயிர்நீத்தார்.

அந்நாளில் எல்லாரும் மறைசாட்சிகளாக நின்றனர் என்று எண்ணுவோமாயின் அது வரலாறு ஆகாது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராயிருந்த புனித சிப்ரியான் எழுதியவற்றைப் படிக்கும்போது நம் உள்ளம் கனக்கிறது. கைதுசெய்ய எவரும் வராமுன்பே பலர் தாமாக ஓடிச் சென்று பலியிட்டனர். பொழுது சாய்ந்ததால் நாளை வருமாறு அதிகாரிகள் சொல்லியும், இன்றே முடித்துவிடுங்கள் என்று மன்றாடியோர் உண்டு. குழந்தைகளைக் கையில் ஏந்திச் சென்ற பெற்றோரும் உண்டு. பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டோர் வேறு. இவர்கள் அனைவரையும் திருச்சபை ‘வழுவியோர்’ என்று அழைத்தது.

புயல் தணியத் தொடங்கியபோது வழுவியோர் ஆலயத்தை நாடித் திரும்பினர். அப்போதுதான் உண்மையான சோதனை தொடங்கிற்று. விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சிறையில் வாடியவர்களுக்கு மக்களிடையே பெருமதிப்பு இருந்தது. அவர்களிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொண்டு, மனவருத்தமோ தவமோ இன்றி உடனே நற்கருணைப் பந்தியில் அமர வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். ஒரே கடிதத்தில் ஒருவரையும் அவருடைய குடும்பத்தாரையும் மொத்தமாகப் பரிந்துரைத்த முறைகேடும் நடந்தது. குருக்கள் சிலரே இதற்குத் துணைபோயினர்.

சிப்ரியானின் நிலையோ இக்கட்டானது. மறைத்துன்ப நாள்களில் அவர் மறைவிடத்தில் இருந்துகொண்டு மடல்கள் வழியாக மந்தையை மேய்த்து வந்தார். ஓடிப்போன ஆயர் என்று பழித்தார்கள். அவர் ஆயரானதையே தொடக்கமுதல் எதிர்த்து வந்த மூத்த குருக்களுக்கு இது வாய்ப்பாயிற்று. மனம் கசந்து, வழுவியோர்மீது கடுமை காட்டித் தம் வீரத்தை மெய்ப்பித்துக்கொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவ்வழியை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. 251-இல் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் திரும்பி வந்து, ஆயர்களின் சங்கத்தைக் கூட்டினார். சான்றிதழ் மட்டும் வாங்கியோரைத் தனித்தனியே விசாரித்துச் சேர்த்துக்கொள்வது என்றும், பலியிட்டோர் நீண்ட தவம் புரிய வேண்டும், சாகும் தறுவாயிலாவது அவர்களுக்குச் சமாதானம் மறுக்கப்படலாகாது என்றும் சங்கம் முடிவு செய்தது. மீண்டும் ஒரு துன்பகாலம் நெருங்கியபோது, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் திருச்சபை அரவணைத்துக்கொண்டது. போர்க்களத்துக்குச் செல்லும் வீரனுக்கு உணவு மறுக்கலாமா என்பதே அவர்களது எண்ணம்.

உரோமையில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே 251-இல் கொர்னேலியு திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரும் தவம் புரிவோரை ஏற்கும் மனமுடையவர். கல்வியிற் சிறந்த குருவான நொவாசியான் இதை எதிர்த்தார். விசுவாசத்தை மறுதலித்தோரை மீண்டும் சேர்க்கத் திருச்சபைக்கு உரிமை இல்லை என்றார். பிரிந்து சென்று தாமே எதிர்த் திருத்தந்தையானார். இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிறிஸ்துவுக்காகச் சிறையில் துன்புற்ற மாக்சிமுஸ் என்னும் குருவும், உர்பானுஸ், சிதோனியுஸ், மக்காரியுஸ் ஆகியோரும் நொவாசியான் பக்கம் சாய்ந்தனர்.

அவர்களது மனநிலை நமக்குப் புரியாததன்று. விலங்கின் தழும்பு கையில் மாறுமுன்னே, தப்பி ஓடியவன் வந்து அருகில் அமர்ந்தால் நெஞ்சு பொறுக்குமா? நாம் சிறையில் கிடந்தபோது இவன் வீட்டில் உறங்கினானே என்ற நினைவு எழாதா? ஊதாரி மைந்தனின் உவமையில், விருந்தின் ஓசை கேட்டும் வீட்டினுள் நுழையாமல் வெளியே நின்ற மூத்த மகனும் இப்படித்தானே எண்ணினான்! வழுவியவனின் பாவம் ஊரறிந்தது. அதை அவன் மறைக்க முடியாது. நிலைநின்றவனின் கசப்போ நீதியின் ஆடையை உடுத்திக்கொள்கிறது. ஆகவே அவன் அதைப் பாவம் என்றே அறிவதில்லை. அறியாத நோய்க்கு மருந்து தேடுவார் யார்?

ஆனால் இவர்கள் அறிந்துகொண்டார்கள். கொர்னேலியுவிடம் திரும்பி வந்து, மக்கள் கூடியிருக்கத் தம் தவற்றை அறிக்கையிட்டார்கள். கொர்னேலியு தண்டனை எதுவும் விதிக்காமல், மாக்சிமுஸை அவருக்குரிய குருத்துவ இடத்தில் அமரச் செய்தார். மக்கள் ஆனந்தக் கண்ணீர் சிந்தி, அவர்கள் அன்றுதான் சிறையினின்று விடுதலையானவர்கள்போல் அணைத்துக்கொண்டனர் என்று அவர் சிப்ரியானுக்கு எழுதுகிறார். எத்துணைப் பொருத்தமான ஒப்புமை! உரோமைப் பேரரசின் சிறையினின்று ஒருமுறை, கசப்பு என்னும் சிறையினின்று மறுமுறை. இரண்டாவது விடுதலையே அவர்களுக்கு அரிதாயிருந்திருக்கும்.

அவ்வாறு திரும்பாதவர்களின் கதையும் நமக்குப் பாடமாகிறது. நொவாசியானின் வழிவந்தோர் தம்மைத் ‘தூயோர்’ என்று அழைத்துக்கொண்டு தலைமுறைகள் பல தனித்து நின்றனர். 325-இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வழிவகுத்தபோது, வழுவித் திரும்பியவர்களோடு ஒன்றித்து வாழ்வோம் என்று எழுத்தில் வாக்களிக்குமாறு கேட்டது. டெசியுஸ் மாண்டு எழுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. வழுவியோரும் நின்றோரும் மண்ணோடு மண்ணாகிவிட்டனர். கசப்பு மட்டும் சாகவில்லை.

பங்குகளில் பணிபுரியும் நாம் இதைக் காணாமலில்லை. பாகப்பிரிவினையில் தொடங்கிய பகை, பெற்ற தாயின் சவப்பெட்டிக்கு இருபுறமும் பேசாமல் நிற்கும் உடன்பிறந்தாராக முதிர்ந்து நிற்கிறது. தவறிழைத்தவர் மனம் வருந்த வேண்டும் என்று அனைவரும் கேட்கிறோம், கேட்பது முறையே. மனமாற்றமின்றிக் கிடைக்கும் சமாதானம் போலியானது என்பதில் சிப்ரியானும் உறுதியாயிருந்தார். ஆனால் அநீதி இழைக்கப்பட்டவரும் தம் நெஞ்சை ஆராய வேண்டுமே! ‘நான் என்ன பாவம் செய்தேன்?’ என்று ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகாதிருப்போர், தாம் சுமந்து திரியும் கசப்பைக் கொண்டுவந்தால் போதுமே.

சிப்ரியான் 258 செப்டம்பர் 14-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஓடிப்போனவர் என்ற பழிக்கு அவர் தந்த விடை அதுதான். சாகுமுன் தம்மை வெட்ட வந்தவனுக்கு இருபத்தைந்து பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார். கசப்புக்கு அங்கே இடமேது? கொர்னேலியுவின் பெயரையும் சிப்ரியானின் பெயரையும் முதலாம் நற்கருணை மன்றாட்டில் அடுத்தடுத்து ஒலிக்கக் கேட்கிறோம். அடுத்தமுறை கேட்கையில், நாம் இன்னும் மன்னியாத முகம் ஒன்று நினைவுக்கு வருமாயின், அங்கே தொடங்கட்டும் நம் மனமாற்றம்.