பாலாவிச் சந்தியும் பக்கத்து ஒழுங்கைகளும்

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்படும் பஸ், சிறிது தூரத்திலேயே ஒரு முச்சந்தியை அடைகிறது. நேரே போனால் சிலாபம். மேற்கே திரும்பினால் கற்பிட்டி. அதுதான் பாலாவி. ஓர் ஊரின் வரலாற்றை அதன் வீதிகளைக் கொண்டே சொல்லலாம் என்பதற்கு, இச்சந்தியை அண்டிய நிலம் நல்ல சான்று என்பது என் எண்ணம்.

ஆதியில் இப்பகுதியின் பெருவீதி தண்ணீர்தான். 1344இல் இபுன் பதூதா வந்திறங்கிய பத்தாளா, புத்தளமே என்பர் ஆய்வாளர். களப்பின் வாயிலைக் காக்கவே ஒல்லாந்தர் 1667 முதல் கற்பிட்டியில் கோட்டை கட்டினர். அவர்கள் காலத்துக் கால்வாய் வழியே தோணிகள் தெற்கே சென்றன. பிறகு வண்டிப் பாதை வந்தது. 1926இல் புகையிரதம் புத்தளத்தை எட்டியது. பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தபோது, வடக்கே அருவாக்காட்டிலிருந்து சுண்ணாம்புக் கல்லைச் சுமந்துவரத் தனி இருப்புப் பாதையும் ஏற்பட்டது. இவை யாவும் தூரத்தையும் சரக்கையும் நினைத்துப் போட்ட பாதைகள்.

மனிதர் வந்து குடியேறிய கதை வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. தில்லையடி முதல் ஆலங்குடா வரை தென்னந்தோப்புகளிலும் வெறும் மணலிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. கிடைத்த காணி, கிடைத்த அளவில் துண்டாடப்பட்டது. பிரதான வீதியிலிருந்து உள்ளே ஓர் ஒழுங்கை. இரு மருங்கும் குடிசைகள். கடைசியில் ஒரு வேலி. அந்த நெருக்கடியில் குறுக்குப் பாதையைப் பற்றி யார் நினைத்திருப்பார்?

ஆனால் கொட்டில் கல்வீடானாலும் ஒழுங்கை மாறுவதில்லை. 2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டம் பலருக்கு நிரந்தரக் கூரை தந்தது. சுவர் எழுந்தபின் பாதையைத் திருப்புவது யாராலும் இயலாது. 2011இல் நுரைச்சோலை அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும் கற்பிட்டி வீதியில் கனரக வாகனங்கள் பெருகின. அந்த வீதிக்கு வராமல் அடுத்த ஒழுங்கைக்குப் போக வழியில்லாத சிறுவரை எண்ணிப் பாருங்கள். முதுகோடு முதுகாக இருக்கும் இரு வீடுகளுக்கிடையே ஒரு வேலிதான். ஆனால் நடந்து போவதானால் பெருவீதிவரை வந்து திரும்ப வேண்டும்.

இது பாலாவிக்கு மட்டுமுரிய துயரன்று. பாரிங்டன் லீ, மிலார்ட் போல் என்னும் இரு ஆய்வாளர் சந்திகளையும் முட்டுத் தெருக்களையும் எண்ணி நகரங்களை அளந்தனர். அமெரிக்காவில் தெருக்களின் துண்டிப்பு 1994 அளவில் உச்சத்தை அடைந்து பின் தணிந்தது என்று 2015இல் எழுதினர். உலகின் பெரும்பகுதியிலோ 1975 முதல் துண்டிப்பு வளர்ந்தே வருகிறது என்பது அவர்களின் 2020ஆம் ஆண்டு முடிவு. அங்கே வசதி படைத்தோர் ஒதுங்கி வாழ விரும்பிக் கட்டிய முட்டுத் தெருவை, இங்கே அகதி வாழ்வு கட்டிவிட்டது.

வந்தவரும் இருந்தவரும் கடையிலும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் கலந்து பழகத் தெருவும் இடந்தர வேண்டும். இனித் துண்டாடப்படும் ஒவ்வொரு தோப்பிலும், ஆறடியாயினும் ஒரு குறுக்கொழுங்கை விட்டு வைப்போம். காணியில் சிறிது குறையும். அடுத்த தலைமுறைக்கு அயலவர் கிடைப்பர்.