கேமரன் மலைத் தேயிலையும் அதை வளைத்த சட்டங்களும்

மலாயாவின் கேமரன் மலையில் தேயிலை வேர்விட, தோட்டக் கம்பெனிகளுக்கு முன்பே அரசு மலையேற வேண்டியிருந்தது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு சொன்ன பிறகும் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1920களின் பிற்பாதியில்தான் காலனி அரசு தானா ராத்தாவில் சோதனைப் பண்ணை அமைத்து, தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலையில் பழுத்த அனுபவமுள்ள ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு 'போ' தோட்டத்தைத் தொடங்கினார்.

நிலமும் சாலையும் கிடைத்தாலும் ஆள் வேண்டும். அதற்கான ஏற்பாட்டை மலாயாவின் தோட்ட முதலாளிகளும் அரசும் முன்பே கூடிச் செய்திருந்தனர். 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழுவில் தோட்டக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டங்கள் கட்டிய வரியில் ஒரு நிதி திரண்டது; கங்காணிகள் ஊர் ஊராகத் திரட்டிய தமிழர்கள் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாக அந்த நிதியின் செலவில் கப்பலேறினர். கம்பெனிகளின் தேவை இப்படி அரசு நிறுவனமாகவே உருவெடுத்தது.

அதே கம்பெனிகளின் ஒரு முடிவு அந்த வழியை அடைத்தது. 1938இல் மலாயாவின் தோட்ட முதலாளிகள் ஆண்களின் நாள்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தார்கள். இந்திய அரசு உடனே, பயணச் செலவு கொடுத்துக் கூலியாட்களை அழைத்துப்போவதைத் தடை செய்தது. ஐந்து காசு மிச்சம் பிடிக்கப்போய், ஒரு தலைமுறையாக வந்துகொண்டிருந்த ஆள்வரத்தே நின்றது. அதன் பிறகு தோட்டம் நம்பியிருந்தது ஏற்கெனவே வந்து குடியேறிய குடும்பங்களைத்தான்.

அக்குடும்பங்களின் வாழ்க்கை முழுதும் தோட்ட எல்லைக்குள் அடங்கியது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் கூடையோடு சரிவேறுவாள். வீடு கம்பெனியின் லயம், மருந்து கம்பெனியின் மருந்து. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். சட்டத்துக்காக ஒப்புக்குத் திறந்த பள்ளிகள் பல. ஆனாலும் தமிழ் அங்கே நிலைத்தது. சுதந்திரத்துக்குப் பின் தோட்டப் பள்ளிகள் அரசின் தேசிய வகைப் பள்ளிகளாயின. 'லாடாங் போ' என்ற தோட்டப் பெயரை இன்றும் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன.

1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலியைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. உழைத்தே வயதான பல்லாயிரம் தமிழர்கள் நாட்டின் பல தோட்டங்களிலிருந்து வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினர். இதைக் குடியுரிமைப் பிரச்சினை என்று மட்டும் எழுதுவது அந்த இழப்பைச் சிறிதாக்கிவிடும்.

முதலாளிகளையும் சட்டம் விடவில்லை. 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கை அந்நிய உடைமையைக் குறைக்கச் சொன்னது. 1981 செப்டம்பரில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியைக் கைப்பற்றியது. 'போ' தோட்டமோ ரஸ்ஸல் குடும்பத்திடமே நீடித்தது.

தமிழ் இளைஞர்கள் நகர்ப்புற வேலைகளுக்குப் போனதும் கொழுந்து எடுக்க வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து ஒப்பந்த ஆட்கள் வந்தனர். முன்பு விரல் நுனியால் கிள்ளியதை இப்போது பெட்டி பொருத்திய கத்தரிகள் வெட்டுகின்றன. சாய்வு குறைந்த சரிவுகளில் இருவர் ஏந்தும் இயந்திரம் ஓடுகிறது. 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ஆனபோது, கைக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான கணக்கைத் தோட்டங்கள் மறுபடி போட வேண்டியதாயிற்று.