தம்பு வந்த வழி

தமிழன் பெயர் இரண்டு தலைமுறைக்கு மேல் தங்குவதில்லை. அப்பா பெயர் நமக்கு முன்னெழுத்து, நம் பெயர் பிள்ளைக்கு முன்னெழுத்து. பேரன் பிறந்ததும் தாத்தா பெயர் உதிர்ந்துபோகும். அப்படி உதிராமல் நின்ற பெயர்களில் ஒன்று தம்பு.

சென்னை ஜார்ஜ் டவுனில் காளிகாம்பாள் கோயில் இருப்பது தம்பு செட்டி தெருவில். அவர் கும்பினி காலத்து வணிகர். கோலாலம்பூரில் ஜாலான் புத்ரா பக்கம் போனால் ஜாலான் தம்புசாமி. காயாரோகணம் தம்புசாமி பிள்ளை 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் டேவிட்சனிடம் எழுத்தராக இருந்து, பிறகு சீனத் தொழிலதிபர் லோக் இயூவோடு சேர்ந்து ரவாங்கில் ஈயம் எடுத்தார். ஈய லம்பத்துத் தண்ணீரை மின்சாரப் பம்பு வைத்து இறைத்தவர்கள் இவர்கள். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது என்றால் அதற்கு வித்திட்டவரும் இவரே. 1902இல் காலமானார். சாலைப் பலகையில் காயாரோகணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. (பிள்ளை போனதில் எனக்கு வருத்தம் கிடையாது.)

இந்தத் தம்புகள் எல்லாரும் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. பெயர்தான் கப்பலேறி ஊர் ஊராகப் போயிருக்கிறது.

அதே சிங்கப்பூரில் 1933இல் தமிழ் ஆசிரியர் ஒருவருக்கும் தியோச்சியூ வழிச் சீனப் பெண்மணிக்கும் மகனாகப் பிறந்தவர் கவிஞர் எட்வின் தம்பு. முதல் கவிதைத் தொகுப்பு 1956இல் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியவர், 1979இல் மெர்லயன் சிலையைப் பற்றி எழுதிய கவிதை அவரை ஊரறியச் செய்தது. அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'த'வுக்குப் பின்னால் 'ஏ' வராது, 'யு' வரும். கடைசியில் இரண்டு 'ஓ'. பஞ்சாபுக்கு 'யு' போட்ட வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் அது. தமிழ் தெரியாதவர்கள் அதைக் கட்டைவிரலுக்கான ஆங்கிலச் சொல் மாதிரி வாசித்துவிட வாய்ப்புண்டு.

அவர் மகன் ஜூலியன் தம்பு, சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் மூட்டுவாத நோய் நிபுணர், பேராசிரியர். ஆக, ஒரே பெயர் கவிதைப் புத்தகத்தின் அட்டையிலும் லூபஸ் நோய் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளிலும் அச்சாகிறது. குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டதால் கிடைத்த ஆயுசு இது.

இதே குடும்பம் எங்கள் ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருந்து, நம்மில் பெரும்பாலோரைப் போல மலேசிய அடையாள அட்டையான ஐசி எடுத்திருந்தால், மகன், எட்வினின் மகன் என்று பொருள்படும்படி ஜூலியன் ஏ/எல் எட்வின் ஆகியிருப்பார். டாக்டர் அறைக் கதவில் தம்புவுக்கு இடம் இருந்திருக்காது.