பஞ்சிங் பேக்கை கண்டபடி குத்துறீங்களா? முதலில் உடைவது உங்கள் கைதான்... சரியான முறை இதுதான்!

பாக்ஸிங் படம் என்றாலே ஹீரோ ஆவேசமாக மூட்டையைக் குத்தும் காட்சி ஒன்று கண்டிப்பாக இருக்கும். 1976-ல் வெளியான 'ராக்கி' படத்தில் தொங்கும் மாட்டிறைச்சியையே குத்திப் பயிற்சி எடுப்பார் நாயகன். திரையில் பார்க்க கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அதே வேகத்தில் நாமும் களமிறங்கினால், முதல் வாரத்திலேயே மணிக்கட்டு வீங்கிவிடும்.

பஞ்சிங் பேக் பயிற்சியை எப்படித் தொடங்க வேண்டும்? எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

*டைசனுக்கே உடைந்த கை!*

1988-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த தெருச்சண்டையில் மைக் டைசனின் வலது கை எலும்பு முறிந்தது. அப்போது அவர் ஹெவிவெயிட் உலக சாம்பியன். ஆனால் கையில் கிளவுஸ் இல்லை.

காரணம் எளிமையானது. நம் உள்ளங்கைக்குள் இருப்பது ஐந்து மெல்லிய எலும்புகள். தோளும் இடுப்பும் சேர்ந்து உருவாக்கும் மொத்த விசையும் கடைசியில் அந்த எலும்புகள் மீதுதான் இறங்குகிறது. அதிலும் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே உள்ள எலும்புகள் பலவீனமானவை. தப்பாகக் குத்தி இந்த இடத்தில் ஏற்படும் முறிவுக்கு மருத்துவத்தில் 'பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்' என்றே பெயர்.

*கையில் என்ன இருக்கணும்?*

கிளவுஸ் மட்டும் போதும்னு நினைப்பது பலர் செய்யும் தவறு. அதற்கு உள்ளே ஹேண்ட் ராப் எனப்படும் நீளமான துணிப்பட்டையைச் சுற்ற வேண்டும். 180 அங்குலம், அதாவது சுமார் நாலரை மீட்டர் நீளமுள்ள பட்டை பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும். மணிக்கட்டு, விரல் முட்டிகள், கட்டை விரல் மூன்றையும் இது இறுக்கிப் பிடிக்கும். விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

பேக் பயிற்சிக்கு 12 முதல் 16 அவுன்ஸ் வரையிலான கிளவுஸ் நல்லது.

*எப்படிப்பட்ட பேக் வாங்கலாம்?*

உங்கள் உடல் எடையில் பாதி அளவு என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. 70 கிலோ எடை உள்ளவருக்கு 35 கிலோ பேக்.

உள்ளே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்கணும். வெறும் மணல் என்றால் நாளடைவில் கீழே இறங்கி, அடிப்பகுதி கல் மாதிரி ஆகிவிடும். துணிக்கழிவை அடைத்து நிரப்பிய பேக் கைக்குப் பாதுகாப்பானது.

மாட்டும் இடமும் முக்கியம். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது. பேக் ஆடும்போது கொக்கி மீது விழும் சுமை அதன் எடையை விட அதிகம். கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து, சுற்றிவர ஆள் நடமாட இடம் விட்டு மாட்ட வேண்டும்.

*குத்து எங்கிருந்து வருது?*

கையிலிருந்து என்பதுதான் பலரின் பதில். உண்மையில் குத்து காலில் தொடங்குகிறது.

வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது காலை முன்னே வைத்து, தோள்பட்டை அகலத்துக்கு கால்களை விரித்து நிற்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். பின்னங்காலின் குதிகால் தரையில் படக் கூடாது. வலது கையால் குத்தும்போது பின்னங்காலின் முன்பாதம் திரும்பும், அதோடு இடுப்பு திரும்பும், பிறகு தோள், கடைசியாகத்தான் கை. இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்.

முஷ்டியை மடக்கும்போது கட்டை விரல் வெளியே இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் பேக்கில் பட வேண்டும். முழங்கையிலிருந்து முட்டி வரை ஒரே நேர்க்கோடு. மணிக்கட்டு மடங்கினால் அந்தக் குத்து உங்களுக்கே விழுந்த குத்து!

கையை ஆரம்பத்திலிருந்தே இறுக்க வேண்டாம். தளர்வாக விட்டு, பேக்கைத் தொடும் நொடியில் மட்டும் இறுக்கினால் வேகம் கூடும்.

*பேக் சொல்லும் உண்மை*

சரியாகக் குத்துகிறோமா என்பதை பேக்கே சொல்லிவிடும். 'டப்' என்ற சத்தத்துடன் அதிர்ந்தால் அது நல்ல குத்து. ஊஞ்சல் மாதிரி தூரமாக ஆடினால் நீங்கள் குத்தவில்லை, தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். தொட்டதும் கையை உடனே தாடைக்கு இழுத்துக்கொண்டால் இந்தப் பிரச்சனை சரியாகும்.

*புதியவர்களுக்கான 4 ரவுண்டு திட்டம்*

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 3 நிமிடங்கள் கொண்ட 3 ரவுண்டுகள், இடையே 1 நிமிட ஓய்வு. புதியவர்கள் 2 நிமிட ரவுண்டில் தொடங்கி, அதே 1 நிமிட ஓய்வு எடுக்கலாம். அதற்கு முன் 10 நிமிடம் ஸ்கிப்பிங், தோள் சுழற்சி என வார்ம்-அப் அவசியம்.

ரவுண்டு 1: முன்கையால் 'ஜாப்' மட்டும். பாதி பலம் போதும்.

ரவுண்டு 2: ஜாப், அடுத்து பின்கையால் நேர் குத்து.

ரவுண்டு 3: அந்த இரண்டோடு முன்கை 'ஹுக்'. மூன்றும் முடிந்ததும் ஒரு அடி நகர வேண்டும்.

ரவுண்டு 4: பேக்கைச் சுற்றி நகர்ந்தபடி, பிடித்த வரிசையில் குத்தலாம்.

ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விடணும். அடக்கினால் ஒரு நிமிடத்திலேயே தம் கட்டிவிடும். முதல் சில வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

*இதையெல்லாம் செய்யாதீங்க*

பேக் திருப்பி அடிக்காது. அதனால் ஒரு கை குத்தும்போது மறு கையைக் கீழே தொங்கவிடும் பழக்கம் தானாக வந்துவிடும். ரிங்கில் நாக்-அவுட் ஆவதற்கு இந்த ஒரு பழக்கம் போதும். பேக் மீது சாய்ந்து ஓய்வெடுப்பது, ஒரே இடத்தில் நின்று குத்துவது, ஆடும் பேக்கை ஒவ்வொரு முறையும் கையால் பிடித்து நிறுத்துவது ஆகியவையும் தவறு. அது ஆடி வரும்போது விலகி, சரியான தூரம் கிடைத்ததும் குத்துவதும் பயிற்சிதான்.

*எப்போது மருத்துவரைப் பார்க்கணும்?*

தோல் சிவப்பது, மறுநாள் தசை வலிப்பது எல்லாம் சாதாரணம். ஆனால் கை வீங்கினாலோ, சுண்டு விரல் முட்டி உள்ளே இறங்கின மாதிரி தெரிந்தாலோ, விரலை மடக்கும்போது அது பக்கத்து விரல் மீது ஏறினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். எலும்பு தவறான கோணத்தில் கூடிவிட்டால் விரல் வளைந்தே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், பழைய தோள்பட்டைக் காயம் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பிறகே கிளவுஸை மாட்ட வேண்டும். மற்றவர்களும் முதல் ஒரு மாதமாவது பயிற்சியாளரின் கண் முன்னால் குத்திப் பழகுவது நல்லது. தவறாகப் பழகிய குத்தைத் திருத்துவது, புதிதாகக் கற்றுக்கொள்வதை விடக் கஷ்டம்!