கண்காணாக் கதிரும் புக்கிட் மேரா வழக்கும்

புகையைக் கண்டு நெருப்பை அறிவது தருக்க நூலார் காட்டும் அனுமானம். கதிரியக்கத்துக்கோ புகையில்லை, நிறமும் மணமும் இல்லை. அளவு கருவியே அதற்குச் சாட்சி. அச்சாட்சியை எங்கே நிறுத்துவது என்பதில் ஓர் ஊரின் நலமே அடங்கிவிடுவதுண்டு.

பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஈயச் சுரங்கக் கழிவில் கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரிப்பது அதன் தொழில். எஞ்சியது தோரியம் கலந்த கழிவு. தோரியத்தில் பாதி சிதைய ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் செல்லும்.

1984-இல் ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா ஆலையின் சுற்றுப்புறத்தை அளந்து, கதிர்வீச்சு வரம்பை மிகக் கடந்திருப்பதாகக் கூறினார். 1985-இல் ஊரார் எண்மர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஜார்ஜ்டவுனில் எஸ். எம். முகமது இத்ரீஸ் தலைமையில் இயங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், சஹாபாட் ஆலாம் மலேசியாவும் அவர்களுக்குத் துணை நின்றன. இருதரப்பு வல்லுநர்களும் கதிரின் தீங்கு பற்றி முரண்பட்டனர். 1992 ஜூலை 11-இல் ஆலையை மூடுமாறு தீர்ப்பாயிற்று. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றிற்று. ஆயினும் 1994 ஜனவரியில் ஆலை மூடப்படும் என்னும் அறிவிப்பு வந்தது.

ஒருவர் ஒருநாள் எடுத்த அளவு எளிதில் மறுக்கப்படும். இன்று உணர்கருவிகளைப் பல இடங்களில் நிறுத்தி, இடைவிடாது அளக்க இயலும். ஒரு கருவி காட்டும் எண்ணைக் கொண்டு, மூலம் அருகிலுள்ள சிறியதா, தொலைவிலுள்ள பெரியதா எனச் சொல்லவியலாது. தொலைவு இருமடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும். எனவே பல கருவிகளின் அளவுகளை ஒப்பிட்டு, மூலம் இருக்கும் இடத்தைக் கணிக்கலாம்.

இதற்கு இடையூறு இயற்கைக் கதிரே. பினாங்குக் கொடிமலையின் கருங்கல்லிலும் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. மழை பெய்தால், காற்றிலுள்ள ராடானின் சிதைவுப் பொருள்கள் நிலத்தில் இறங்கி அளவைச் சற்றே உயர்த்தும். இவ்வேற்றத் தாழ்வுகளை முன்னைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, புதிய மூலத்தைப் பிரித்துக் காட்டக் கணிப்பொறியைப் பயிற்றுகின்றனர். இதுவே இயந்திரக் கற்றல்.

எனினும், ஓர் ஊரின் பதிவில் பயின்ற பொறி மற்றோர் ஊரில் பிழைபடலாம். ஆலை எழுமுன்னரே அவ்வூரின் இயற்கை அளவைப் பதிந்து ஊரார் அறிய வைத்திருந்தால், பின்னர் எழும் ஐயத்துக்கு ஒப்புநோக்க ஓர் அடிப்படை இருக்கும். புக்கிட் மேரா கற்பிக்கும் பாடம் இதுவே.