பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்

சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம் போன்ற பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குமுன், அவற்றால் பிழைப்பு மாறப்போகிறவர்களின் குரலைக் கேட்க இந்தியச் சட்டம் வகுத்த அவை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இதன் வேர். அதன்கீழ் 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. 1997 ஏப்ரலில் செய்யப்பட்ட திருத்தம் கூட்டத்தைக் கட்டாயமாக்கியது.

இப்போதைய நடைமுறை 2006 செப்டம்பர் 14ஆம் நாள் அறிவிக்கையின்படி அமைந்தது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். மாசு கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தி, முழுவதையும் வீடியோவில் பதிவு செய்யும். உள்ளூரார் நேரில் பேசலாம். அக்கறையுள்ள மற்றவர்கள் எழுத்தில் அனுப்பலாம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற வரம்பு கிடையாது.

ஆனால், பாதிக்கப்படுகிற உள்ளூரார் யார் என்பதை அறிவிக்கை வரையறுக்கவில்லை. இந்த நடைமுறையின் பெருங்குறை இதுவே. பட்டா வைத்திருப்பவர் ஆவணத்தில் தெரிகிறார். குத்தகைக்கு உழுகிறவர், களையெடுக்கப் போகிறவர், புறம்போக்கில் ஆடு மேய்க்கிறவர், ஆற்றின் முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர் எந்த ஆவணத்திலும் இல்லை. அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லாவிட்டால் நாளிதழ் விளம்பரம் அவர்களை எட்டாது.

மக்கள் சொன்னதை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். கோவா சுரங்க வழக்கொன்றில் 2009இல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களைப் பரிசீலித்ததைக் காட்டும் காரணங்கள் முடிவில் இடம்பெற வேண்டும் என்றது.

வன உரிமைச் சட்டத்தின் வழி இன்னும் அழுத்தமானது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டுவது பற்றி கிராம சபைகளே கூடி முடிவெடுக்க உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் வழிவிட்டது. மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தது. மலையைச் சார்ந்த மற்ற ஊர்களை விட்டது ஏன் என்ற கேள்வி எழுந்தது. அந்தப் பன்னிரண்டும் மறுத்தன. அங்கு வாழும் டோங்ரியா கோண்டு பழங்குடி மக்களுக்கு அந்த மலை அவர்கள் தெய்வமான நியாம்ராஜாவின் இருப்பிடம். இழப்பீட்டுக் கணக்கில் அடங்காத உறவு அது. 2014இல் மத்திய அமைச்சகம் அனுமதி மறுத்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான முன்னறிவிப்பை 20 நாளாகக் குறைக்க, 2006 அறிவிக்கைக்கு மாற்றாக வந்த 2020 வரைவு முனைந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்த அந்த வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.